சதுரங்கப் பலகையின் எண்: 18446744073709551615 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் நெல்மணிகள் 18446744073709551615. கதையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் "அடேயப்பா, எவ்வளவு பெரிய எண்!" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு. இதன் குணங்களிலேயே மிகச் சாதாரணமானது அதன் பெருமைதான். இதைவிடப் பெரிய எண் வேண்டுமென்றால் ஒன்றைக் கூட்டினால் கிடைத்துவிடும். இந்த எண்ணின் அழகு அதை உடைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும். உள்ளே ஏழு பகா எண்கள், அவற்றுள் இரண்டு ஒளிந்துகொண்டு ஒரு மாமேதையையே ஏமாற்றியவை. கணக்கு சொல்லித் தரும்போது மாணவர்களும், வேலையில் இந்த எண்ணைத் திரையில் பார்த்துத் திகைத்த நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

இதை எப்படி வாசிப்பது?

வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கங்களாகப் பிரித்தால் நம் கோடிக் கணக்குக்குள் அடங்கிவிடும்: 184467 | 4407370 | 9551615. ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. மொத்தம் இருபது இலக்கங்கள். சுருக்கமாக எழுத 2⁶⁴ − 1 போதும்.

64 கட்டங்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டாமல் விடை எப்படிக் கிடைக்கிறது?

பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடரின் கூடுதலுக்குச் சூத்திரம் படித்திருப்பீர்கள். சூத்திரம் மறந்துபோனாலும் பரவாயில்லை. பலகைக்கு வெளியே இன்னும் ஒரே ஒரு நெல்லை வையுங்கள். அது முதல் கட்டத்து நெல்லோடு சேர்ந்தால் இரண்டு. அந்த இரண்டு, இரண்டாம் கட்டத்து இரண்டோடு சேர்ந்தால் நான்கு. நான்கும் நான்கும் எட்டு. இப்படியே போய், கடைசிக் கட்டத்தையும் விழுங்கியபின் கையில் இருப்பது 2⁶⁴. கடன் வாங்கிய அந்த ஒரு நெல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 2⁶⁴ − 1.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். எந்தக் கட்டத்திலும் இருக்கும் நெல், அதற்கு முந்தைய கட்டங்கள் அனைத்திலும் உள்ளதைவிடச் சரியாக ஒன்று அதிகம். கடைசிக் கட்டத்தில் மட்டும் 9223372036854775808 மணிகள். மற்ற 63 கட்டங்களையும் வழித்தெடுத்துச் சேர்த்தாலும் ஒரு மணி குறையும்.

2⁶⁴ கண்டுபிடிக்க 64 முறை பெருக்க வேண்டுமா?

வேண்டாம், ஆறே முறை போதும். 2ஐ வர்க்கப்படுத்தினால் 4, அதன் வர்க்கம் 16, பிறகு 256, 65536, 4294967296. இதையும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் 18446744073709551616. கடைசிப் பெருக்கல் மட்டும்தான் கொஞ்சம் கை வலிக்கும்.

இந்தக் குறுக்குவழி மிகப் பழையது. வடமொழி யாப்பிலக்கணம் எழுதிய பிங்கலர், இத்தனை அசைகள் கொண்ட அடியில் குறுகிய அசையும் நீண்ட அசையும் எத்தனை விதமாக வரலாம் என்று கேட்டுக்கொண்டு, 2இன் அடுக்கைக் கணக்கிட ஒரு முறை தந்திருக்கிறார். எண்ணிக்கை இரட்டைப்படையானால் பாதியாக்கு, பின்னர் அந்த இடத்தில் வர்க்கப்படுத்து. ஒற்றைப்படையானால் ஒன்றைக் குறை, அந்த இடத்தில் இரட்டி. 64ஐ இந்த வழியில் விட்டால் 32, 16, 8, 4, 2, 1 என்று இறங்கி, மேலே சொன்ன ஆறு வர்க்கங்களாகத் திரும்பி ஏறுகிறது. இன்றைய கணினிகள் பெரிய அடுக்குகளைக் கணக்கிடுவதும் இதே உத்தியால்தான்.

அந்தக் கதை உண்மையா? அவ்வளவு நெல் உலகில் இருக்கிறதா?

கதை கதைதான். சதுரங்கத்தைக் கண்டுபிடித்த சிஸ்ஸா என்பவர் அரசனிடம் இந்தப் பரிசைக் கேட்டதாக 13ஆம் நூற்றாண்டில் இபின் கல்லிகான் எழுதினார். அதற்கு முன்பே, 1000ஆம் ஆண்டை ஒட்டி, அல்-பிரூனி தம் காலக்கணக்கு நூலில் சதுரங்கப் பலகையின் இந்தக் கூட்டலைச் செய்திருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழையில் இதே கதை கிருஷ்ணன் பெயரில் வழங்குகிறது. முதியவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன் அரசனைச் சதுரங்கத்தில் வென்று அரிசி கேட்கிறார். கொடுத்து முடியாத அந்தக் கடனுக்குத்தான் கோயிலில் அன்றாடம் பால் பாயசம் வழங்கப்படுகிறது என்பது ஐதிகம்.

இப்போது எடை போட்டுப் பார்ப்போம். ஆயிரம் நெல்மணி சுமார் 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையின் முதல் பாதிக்கு, அதாவது 32 கட்டங்களுக்கு, 4294967295 மணிகள். அது வெறும் 107 டன். சில லாரிகளில் ஏற்றிவிடலாம். அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்ததில் வியப்பில்லை. முழுப் பலகைக்கோ ஏறத்தாழ 46,000 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஆண்டுக்கு விளையும் நெல் சுமார் 80 கோடி டன். ஒரு மணியைக்கூட உண்ணாமல் சேர்த்தாலும் ஐந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அம்பலப்புழைக் கதை நடக்கும் கேரளத்தின் மொத்த நிலப்பரப்பிலும் இந்த நெல்லைப் பரப்பினால் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். நன்கு வளர்ந்த தென்னை மூழ்கிப்போகும் உயரம் அது.

இது பகா எண்ணா?

இல்லை. 5இல் முடிவதைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3ஆலும் வகுபடும், 9ஆல் வகுபடாது.

முழுக்க உடைக்கவும் பெரிய உழைப்பு தேவையில்லை. ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் அது இரண்டாக உடையும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். ஆகவே 2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1). இடப்பக்கத்து அடைப்பு மீண்டும் அதே வடிவில் இருக்கிறது, மீண்டும் உடைகிறது. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இந்த ஆறில் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது பகா எண் அல்ல. அது 641 × 6700417. ஆக, முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

மற்றவையெல்லாம் ஒரு வரிசையாக இருக்க, 641 மட்டும் எங்கிருந்து வந்தது?

எல்லாரும் கேட்க வேண்டும் என்று நான் விரும்பும் கேள்வி இது. 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றும் 2, 4, 16, 256, 65536 என்ற வர்க்க வரிசையோடு ஒன்று கூட்டியது. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 1640இல் பிரெஞ்சுக் கணிதர் பியர் டி ஃபெர்மா தம் கடிதங்களில் இந்த வரிசையில் வரும் எண்கள் அனைத்தும் பகா எண்களே என்று தாம் நம்புவதாக எழுதினார். முதல் ஐந்தும் அப்படியே அமைந்தன. அடுத்தது 4294967297. அதையும் அவர் பகா எண் என்றே கருதினார்.

ஏறத்தாழ 90 ஆண்டுகள் யாரும் மறுக்கவில்லை. 1729 டிசம்பரில் கணிதர் கோல்ட்பாக் தம் கடிதத்தின் பின்குறிப்பில் இளம் கணிதர் லியோன்ஹார்ட் ஆய்லரிடம் இதைக் கேட்டார்: ஃபெர்மா சொன்னது தெரியுமா? அப்போது ஆய்லருக்கு 22 வயது. 1732இல் அவர் விடையோடு வந்தார்: 4294967297ஐ 641 மீதியின்றி வகுக்கும்.

641ஐ அவர் குருட்டாம்போக்கில் தேடிப் பிடிக்கவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும் என்பதை அவரால் நிறுவ முடிந்தது. அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது முயற்சியில் பூட்டு திறந்துவிடுகிறது. ஃபெர்மாவே இதைச் செய்திருக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் என்னவோபோல் ஆகிறது. அவ்வளவு பக்கத்தில் நின்றுவிட்டார்.

வகுத்துப் பார்க்காமலே 641 இதை வகுக்கும் என்று காட்ட முடியுமா?

முடியும். எண்கணிதத்தில் எனக்கு மிகப் பிடித்த நான்கு வரிகள் இவை.

641ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 641 = 5 × 2⁷ + 1. மற்றொன்று, 641 = 5⁴ + 2⁴. இரண்டையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 640 + 1, 625 + 16.

முதலாவதன்படி, 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷இன் மீதி −1 என்று கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸இன் மீதி 1. இரண்டாவதன்படி, 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று போட்டுக்கொள்ளலாம். போட்டால் −2³²இன் மீதி 1 என்று ஆகிறது. அப்படியானால் 2³² + 1இன் மீதி 0. முடிந்தது.

பத்து இலக்க எண்ணை எழுதவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

6700417 பகா எண் என்பதை எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். ஏதேனும் ஓர் எண் அதை வகுக்குமானால், அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது சுமார் 2588க்குள், ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். 2588 வரை பகா எண்கள் முந்நூற்றுக்கும் மேல் உள்ளன. ஆனால் அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை. ஆய்லரின் நிபந்தனையைப் பிரெஞ்சுக் கணிதர் எட்வார்ட் லூக்கா 1878இல் இன்னும் இறுக்கினார்: 64க்குப் பதில் 128ஆல் வகுத்தாலே மீதி 1 வர வேண்டும். இந்தச் சல்லடையில் போட்டால் 2588க்குள் தங்கும் பகா எண்கள் ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409.

6700417ஐ இவற்றால் வரிசையாக வகுத்தால் மீதிகள் 170, 44, 120, 334, 622. எதிலும் பூஜ்யம் இல்லை. ஆகவே அது பகா எண். ஒரு காகிதமும் பத்து நிமிடமும் போதும். பிள்ளைகளுக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். ஏழு இலக்கப் பகா எண்ணொன்றைத் தன் கையாலேயே நிரூபித்த பெருமை அவர்களுக்கு வாய்க்கும்.

இந்த எண்ணுக்கு எத்தனை வகுத்திகள்?

ஏழு பகாக் காரணிகளும் வெவ்வேறானவை, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே வருகிறது. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால் 2⁷ = 128 வகுத்திகள். அவையனைத்தின் கூடுதல், எண்ணைப்போல் 1.7 மடங்கு அளவில்தான் வரும். இரு மடங்குக்குக் குறைவு என்பதால் இது ஒரு குறைவெண்.

ஒற்றைப்படை எண் ஒன்றை இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதும் ஒவ்வொரு வழியும் அதை இரு வர்க்கங்களின் வேறுபாடாக எழுதும் ஒரு வழியைத் தரும். 128 வகுத்திகள் 64 இணைகளாகச் சேரும். எனவே இந்த எண்ணை இரு வர்க்கங்களின் வேறுபாடாகச் சரியாக 64 வழிகளில் எழுதலாம். 64 கட்டங்களில் பிறந்த எண்ணுக்கு 64 வழிகள்! காரணிகள் ஏழாக அமைந்ததால் வந்த பொருத்தம் இது. 641 என்ற உடைப்பு மட்டும் இல்லாதிருந்தால் 32 வழிகளே இருந்திருக்கும்.

இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்றால், முடியாது. 4ஆல் வகுத்தால் மீதி 3 வரும் எந்த எண்ணையும் அப்படி எழுத இயலாது. இதுவும் அந்த வகைதான்.

பாஸ்கல் முக்கோணத்தில் இந்த எண் ஒளிந்திருக்கிறது என்கிறார்களே?

ஆம். பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பிங்கலர் நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டில் மேருபிரஸ்தாரம் என்ற பெயரில் இந்த முக்கோணத்தை விளக்கியிருக்கிறார். மேலே 1, பிறகு 1 1, பிறகு 1 2 1, பிறகு 1 3 3 1 என்று, ஓரங்களில் 1, உள்ளே ஒவ்வொன்றும் மேலுள்ள இரண்டின் கூடுதலாக விரியும் அதே அடுக்கு.

முக்கோணத்தில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடங்களில் 1, இரட்டைப்படை இருக்கும் இடங்களில் 0 என்று மாற்றி எழுதுங்கள். வரிகள் இப்படி வரும்: 1, 11, 101, 1111, 10001, 110011, 1010101, 11111111... இவற்றை இரும எண்களாக, அதாவது வலமிருந்து இலக்கங்களின் மதிப்பு 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் முறையில், வாசித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. அடுத்த வரி 257.

பழகிய முகங்கள் தெரிகின்றனவா? 3, 5, 17, 257 எல்லாம் நம் காரணிகள். நடுவில் வரும் 15, 51, 85, 255 அவற்றின் பெருக்கற்பலன்கள். வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், வரியின் எண்ணை இருமத்தில் எழுதிப் பார்த்தே எந்த ஃபெர்மா எண்களைப் பெருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஐந்தாம் வரி: 5 என்பது 4 + 1, ஆகவே 17 × 3 = 51. இந்த ஒழுங்கில் 63ஆம் வரிக்கு வந்தால், 63 என்பது 32 + 16 + 8 + 4 + 2 + 1. ஆறு ஃபெர்மா எண்களும் ஒருசேரப் பெருகும். அந்த வரியில் 64 எண்கள், அத்தனையும் ஒற்றைப்படை, ஆகவே அறுபத்து நான்கு 1கள். அதுதான் 18446744073709551615.

சதுரங்கப் பலகையும் மேருவும் ஒரே எண்ணில் சந்திக்கும் இந்த இடத்தை முதன்முதல் காகிதத்தில் போட்டுப் பார்த்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் பலகோணங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1796 மார்ச் 30 அன்று, 19 வயது நிறையாத ஜெர்மானியக் கணிதர் காஸ், 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலாலும் கவராயத்தாலும் வரைய முடியும் என்று கண்டார். 1801இல் வந்த தம் நூலில் பொது விதியைத் தந்தார். 1837இல் வான்ட்செல் அதன் மறுபாதியை நிறுவினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் மட்டுமே வரைய முடியும்.

இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்துதான். அவற்றைச் சேர்த்துப் பெருக்கும் வழிகள் 31. மேலே பார்த்த முக்கோணத்தின் 1 முதல் 31 வரையான வரிகள் சரியாக இந்த 31 எண்களையே வரிசை பிசகாமல் தருகின்றன. அவற்றுள் மிகப் பெரியது 4294967295, பலகையின் முதல் பாதி நெல். 32ஆம் வரியில் 4294967297 வருகிறது, அங்கே 641 குறுக்கே நிற்கிறது, வரிசை அறுந்துவிடுகிறது.

65537 பக்கப் பலகோணத்தை வரையும் முறையை எழுதி முடிக்க யோஹான் ஹெர்மெஸ் பத்து ஆண்டுகள் செலவிட்டார். 1894இல் முடித்த அந்தக் கையெழுத்துப் படியை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

காசியில் 64 தங்கத் தட்டுகள் என்ற கதையிலும் இதே எண்தானா?

அதே எண்தான். 1883இல் ஹனாய் கோபுரம் என்ற விளையாட்டு வெளிவந்தது. உருவாக்கியவர், 6700417க்குச் சல்லடை தந்த அதே எட்வார்ட் லூக்கா. அதோடு பரவிய கதையில் காசிக் கோயில் ஒன்றில் 64 தங்கத் தட்டுகளை ஓர் ஊசியிலிருந்து இன்னோர் ஊசிக்கு அர்ச்சகர்கள் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், முடியும்போது உலகமும் முடியும். இது விளையாட்டுக்காகக் கட்டிய கதை, காசியில் அப்படி எதுவும் இல்லை.

ஒரு தட்டைக் கூட்டினால், பழைய நகர்த்தல்கள் இருமடங்காகி மேலும் ஒன்று சேரும். ஆகவே 1, 3, 7, 15 என்று ஏறி 64 தட்டுகளுக்கு 2⁶⁴ − 1. நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் சுமார் 58,450 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள்.

நிரல் ஓட்டும்போது திடீரென்று திரையில் இந்த எண் வருகிறதே, ஏன்?

64 பிட் நினைவிடத்தில், அதாவது 0 அல்லது 1 வைக்கும் 64 இடங்களில், குறியில்லா (எதிர்மறை இல்லாத) முழு எண்ணாக வைக்கக்கூடிய மிகப் பெரிய மதிப்பு இதுதான். 64 பிட்டுகளும் 1. இதோடு ஒன்றைக் கூட்டினால் இடம் போதாமல் எல்லாம் 0 ஆகிவிடும். ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் தரும் எண் நமக்கு வேறொன்று தெரியும்: −1. கணினிக்கு இரண்டும் ஒரே பிட் வடிவம். எனவே எங்காவது 0இலிருந்து 1ஐக் கழித்து, விடையைக் குறியில்லா எண்ணாக அச்சிட்டிருப்பீர்கள். பயப்படாமல் அந்தக் கழித்தலைத் தேடுங்கள். சி++ மொழியில் சரத்துக்குள் தேடியது கிடைக்காதபோது திரும்பி வரும் மதிப்பும் பெரும்பாலான இன்றைய கணினிகளில் இதே எண்.

குறியுள்ள எண்களுக்குப் பாதிதான் எல்லை. 32 பிட்டில் அது 2147483647. 2014 டிசம்பரில் யூடியூபில் 'கங்னம் ஸ்டைல்' பாடலின் பார்வைக் கணக்கு அந்த எல்லையைத் தாண்டியபோது, எண்ணும் முறையை 64 பிட்டுக்கு மாற்றியிருப்பதாக கூகுள் அறிவித்தது.

ஜாவாஸ்கிரிப்டில் 18446744073709552000 என்றும் எக்செலில் வேறு மாதிரியும் காட்டுகிறதே?

அவை எண்ணை முழுதாக வைத்திருக்கவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண்வகை 9007199254740991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் வைக்கும். அதற்கு மேல் இடைவெளி விட்டுத் தாவும். 2⁶⁴க்குச் சற்றுக் கீழே அந்தத் தாவல் 2048. நம் எண் அந்த இடைவெளிக்குள் விழுந்து, 2⁶⁴ ஆகவே வட்டமிடப்படுகிறது. எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் காப்பதில்லை. பைத்தான் முழு எண்களை அப்படியே வைத்திருக்கும், இந்தப் பக்கத்தின் கணக்குகள் எல்லாவற்றையும் அதில் சரிபார்க்கலாம்.

கணினியைப் பேசும்போது 65537ஐ விட்டுவிடக் கூடாது. இணையத்தில் நீங்கள் பூட்டுச் சின்னத்தைப் பார்க்கும் இடங்களில் பயன்படும் ஆர்எஸ்ஏ மறைகுறி முறையில், பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது இந்த எண்தான். இருமத்தில் இரண்டே 1கள் கொண்டதால் அந்த அடுக்கைக் கணக்கிடுவது விரைவு: பதினாறு வர்க்கம், ஒரு பெருக்கல். பிங்கலரின் முறையேதான்.

இதற்கு அருகில் உள்ள பகா எண்கள் எவை?

கீழே 18446744073709551557, அதாவது 2⁶⁴ − 59. மேலே 18446744073709551629, அதாவது 2⁶⁴ + 13. இடையில் 71 எண்கள், ஒன்றுகூடப் பகா எண் இல்லை.

ஒன்றைக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால், 2⁶⁴ + 1?

அது வரிசையில் அடுத்து வரும் ஃபெர்மா எண். அதுவும் பகா எண் அல்ல: 274177 × 67280421310721. 1880இல் லாண்ட்ரி இதைக் கண்டபோது அவருக்கு 82 வயது. 274177இலும் லூக்காவின் முத்திரை இருக்கிறது, 256ஆல் வகுத்தால் மீதி 1.

அதற்கு மேலே போனால், 4294967297இல் தொடங்கி 28 ஃபெர்மா எண்கள் தொடர்ந்து பகு எண்கள் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவற்றுள் சிலவற்றுக்கு, பகு எண் என்று உறுதியாகத் தெரிந்தும் ஒரே ஒரு காரணியைக்கூட யாரும் கண்டதில்லை. 2ஐ இருபது முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டினால் வரும் எண் அப்படிப்பட்டது. முப்பத்து மூன்று முறை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டினால் வருவது பகா எண்ணா, பகு எண்ணா என்பதே இன்னும் தெரியாது.